அப்பாவின் பல் செட்

என் மகனுக்கு மரபணுப் பரிசோதனை செய்து பார்க்கலாம் என்று டாக்டரம்மா சொன்னதும், ஒரு நொடிகூட யோசிக்காமல் சரி என்றேன். பிள்ளை மேல் எவ்வளவு அக்கறை என்று அவர் நினைத்திருப்பார். அக்கறை ஒரு பக்கம் இருக்கட்டும், எனக்கு ஒரு தீர்ப்பு வேண்டியிருந்தது. அவனுக்கு ஆட்டிசம் என்று சொன்ன நாளிலிருந்து என் தலைக்குள் ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. குற்றம் சாட்டியவளும் நான், கூண்டில் நின்றவளும் நான். நீதிபதி மட்டும் வந்து சேரவே இல்லை.

வழக்கு இதுதான். நான் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். முன்னால் நின்று சிரித்துக்கொண்டே மூக்கில் ஃபிரேம் மாட்டிவிடும் வேலை இல்லை. பின்னறையில், லென்ஸை ஃபிரேமின் அளவுக்குத் தேய்த்துக் கொடுக்கும் வேலை. விலை கூடிய மெல்லிய லென்ஸை மெஷினில் வைத்தால் அழுகிய முட்டை போல ஒரு நாற்றம் வரும். பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு ஒன்பதாம் மாதம் வரைக்கும் அந்த நாற்றத்தில்தான் நின்றேன். போதாக்குறைக்கு ஒற்றைத் தலைவலி வேறு. மாத்திரை போட்டால்தான் நிற்கவே முடியும். பிள்ளை பேசாமல் போனது எதனால்? நாற்றத்தாலா, மாத்திரையாலா? என் மாமியார் ஒரே ஒரு தடவை போனில், "கண்ட மாத்திரையையும் முழுங்குனா பிள்ளை எப்படிம்மா இருக்கும்?" என்றார். அதற்குப் பிறகு அவர் எவ்வளவு அன்பாகப் பேசினாலும் எனக்கு அந்த ஒரு வரிதான் கேட்டது.

மகனை நாங்கள் துரை என்று கூப்பிடுவோம். அப்பா வைத்த பட்டப்பெயர். கூப்பிட்டால் திரும்பமாட்டான், நினைத்தால் வருவான், நினைத்தால் போவான், நாம்தான் பின்னாலேயே ஓட வேண்டும். ஏழு வயதாகிறது. இன்னும் ஒரு வார்த்தை வரவில்லை. ஆனால் முனகுவான். தாழ்வாக ஒன்று, கொஞ்சம் மேலே ஒன்று, இரண்டே சுரம். சந்தோஷமாக இருந்தால் அதையே மணிக்கணக்காகத் திருப்பித் திருப்பி முனகுவான்.

முதல் முதலாக அவன் அப்படி முனகியது இரண்டு வயதில். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டு கைதவறிக் கீழே விழுந்து, சோறு தரையெல்லாம் சிதறியது. "கை வழுக்கிடுச்சு பாப்பா," என்றார். எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்த பிறகும் அவருக்கு நான் பாப்பாதான். அன்றைக்குச் சாயங்காலம்தான் அவர் முதல் தடவையாகப் பையனை "துரை" என்று கூப்பிட்டார்.

எனக்கும் அந்த முனகல் புதிதாகத் தெரியவில்லை. எங்கேயோ கேட்டிருக்கிறேன், ஒரு சுவருக்கு அந்தப் பக்கம், தூக்கம் வருவதற்குச் சற்று முன்னால். சின்ன வயதில் நாங்கள் இருந்த வீட்டில் தண்ணீர்க் குழாய் அப்படிச் சத்தம் போட்டிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அவரிடம் சொன்னால், "நான் கேக்காத சத்தமா? எண்ணெய் போடாத கதவுகூட அப்படித்தான் பாடும்," என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பையன் முனகத் தொடங்கினால், அறையில் எனக்குத் தெரியாத இன்னொருவர் உட்கார்ந்திருப்பது போல முதுகு சில்லிடும்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஆயுசு முழுக்க மற்றவர்களுக்குப் பல் செட் செய்தவர். பல் டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்து மெழுகில் ஈறு பிடித்து, பல் அடுக்கி, பொடியையும் திரவத்தையும் குழைத்து ஊற்றி முடித்துக் கொடுப்பார். அந்தத் திரவத்தின் வாடை மூக்கைத் துளைக்கும். அம்மாவுக்கு அது ஜென்மப்பகை. அப்பா வேலை முடித்து எழுந்து வரும்போதெல்லாம், "அந்த வாடையை வாசல்லயே விட்டுட்டு வாங்க," என்பாள். அவர், "இதோ, கழுவிட்டு வந்துடறேன்," என்று குழாயடிக்குப் போவார். நினைவு தெரிந்த நாளிலிருந்து இந்த இரண்டு வசனமும் எங்கள் வீட்டுக் கடிகாரம். அம்மா போய்ப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அப்பா எங்களோடுதான் இருக்கிறார். இப்போது அவருக்குச் சொந்தப் பல் ஒன்றுகூட இல்லை. மேல்செட்டும் கீழ்செட்டும் அவரே செய்துகொண்டவை.

தூங்கும்போது மேல்செட்டைக் கழற்றி ஒரு கண்ணாடி டம்ளரில் போட்டு வைப்பார். காலையில் எழுந்ததும் துரைக்கு முதல் வேலை, அந்த டம்ளரை ஜன்னலுக்குக் கொண்டுபோவது. செட்டைத் தண்ணீரிலிருந்து எடுத்துத் தலைகீழாகத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு முனகுவான். "ஊர்ல பசங்க காரு பொம்மை கேக்கறாங்க, நம்ம துரைக்கு மாமா வாய்தான் பொம்மை," என்பார் என் வீட்டுக்காரர். தன் சாமான்களில் யாராவது கை வைத்தால் அப்பாவுக்குச் சுர்ரென்று வரும். பையனை மட்டும் ஒரு நாளும் அதட்டியதில்லை. பின்னால் நின்று, விழுந்தால் பிடிக்க இரண்டு கையையும் ஏந்திக்கொண்டிருப்பார்.

பரிசோதனைக்கு மூன்று பேரும் ரத்தம் கொடுத்தோம். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஆளுக்கொரு நிமிடம். துரைக்கு நாலு பேர் பிடித்துக்கொண்டு அரை மணி. கத்தி ஓய்ந்தபின் மேஜைக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டான். ரத்தம் எடுத்த பெண் தானும் தரையில் உட்கார்ந்து, "சாரிடா, முடிஞ்சிடுச்சுடா," என்று அழாத குறையாகச் சொன்னாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அவள் மேல் கோபமில்லை, என் மேல்தான்.

முடிவு வர மாதக்கணக்கானது. கேட்கப் போன அன்று என் வீட்டுக்காரருக்கு எங்கேயோ லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டதால் வர முடியவில்லை. பையனைப் பிடித்துக்கொள்ள அப்பாவைக் கூட்டிப்போனேன்.

டாக்டரம்மா ஒரு தாளைக் கவிழ்த்துப் போட்டு அதன் முதுகில் படம் வரைந்தார். "ஒரு ஜீன்ல ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கு. அது உங்ககிட்டேருந்து வந்திருக்கு. பெண்களுக்கு அந்த ஜீன் ரெண்டு இருக்கும், ஒண்ணு கெட்டாலும் இன்னொண்ணு சமாளிச்சுக்கும். ஆம்பளைப் பிள்ளைக்கு ஒண்ணுதான், அதுவும் அம்மாகிட்டேருந்து மட்டும்தான் வரும்."

"அப்போ இதுனாலதானா டாக்டர்? நான் போட்ட மாத்திரையால இல்லையா?"

"அதைத்தான் என்னால இப்போ சொல்ல முடியல. இந்த மாற்றம் இதுவரைக்கும் வேற யார்கிட்டயும் பார்த்ததா தெரியல. கெடுதல் பண்றதா, சும்மா இருக்கறதான்னு சொல்ல ஆதாரம் இல்ல." பேனாவை மூடினார். "உங்க அம்மா வழியில யாராவது ஆம்பளைங்க இப்படிப் பேசாம இருந்தாங்களா? அவங்களுக்கும் இதே மாற்றம் இருந்தா, தைரியமா சொல்லலாம்."

நீதிபதி ஒரு வழியாக வந்து, தீர்ப்பைத் தள்ளிவைத்துவிட்டுப் போனார்.

"அம்மா ஒத்தைப் பிள்ளை டாக்டர். எனக்கு ஒரு அண்ணன் இருந்தான், காய்ச்சல்ல போயிட்டான். எனக்கு அப்போ மூணு வயசு."

"அவர் நல்லா பேசுவாரா?"

"பேசியிருப்பான்," என்றேன். பக்கத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். அப்பா தாடையை இறுக்கினால் செட்டு அப்படிச் சத்தம் போடும். அவர் துரையை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீடு வந்து சேர்ந்தோம். சாப்பாடு போட்டேன், அப்பா தொடவில்லை. துரை ஜன்னலோரம் உட்கார்ந்து முனகிக்கொண்டிருந்தான்.

"பாப்பா, அவன் பேசமாட்டான்," என்றார் அப்பா.

"யாருப்பா?"

"உங்கண்ணன். ஒரு வார்த்தை பேசினதில்ல. இப்படித்தான் உட்கார்ந்திருப்பான். இதே பாட்டுதான்." ஜன்னலைக் காட்டினார். "அவனைத்தான் துரைன்னு கூப்பிடுவேன்."

தண்ணீர்க் குழாய் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது என் அண்ணன். இத்தனை வருடமும் செத்துப்போன ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் என் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன், குளிக்கக் கூப்பிட்டிருக்கிறேன். பயம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். ஆத்திரம்தான் முதலில் வந்தது.

"ஏன்ப்பா மறைச்சீங்க? டாக்டர் முகத்துக்கு நேரா கேக்கறாங்க, நான் பேசியிருப்பான்னு உளறிட்டு வர்றேன்!"

"உங்கம்மா சத்தியம் வாங்கிட்டா. நாளைக்குப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆகணும், வெளியில மூச்சு விடக்கூடாதுன்னு. காய்ச்சல்ல போனது பொய்யில்ல பாப்பா. எங்க வலிக்குதுன்னு கேட்டுக்கிட்டே இருந்தோம். சொல்லத் தெரியல அவனுக்கு. கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல." "அதுவுமில்லாம, நான்தான் காரணம்னு அவளுக்கு ஒரே முடிவு. அவன் வயித்துல இருந்தப்போ ஒரே ரூம்தான் நமக்கு. அதுலதான் சமையல், அதுலதான் என் வேலை. அந்த வாடையை முழுங்கி முழுங்கித்தான் பிள்ளை ஊமையாப் பொறந்துச்சுன்னு சொல்லுவா. நானும் இல்லேன்னு சொன்னதில்ல. இருக்கலாம்தானே?"

அம்மாவின் அந்த வசனத்துக்கு முப்பது வருடம் கழித்து எனக்கு அர்த்தம் தெரிந்தது. அவள் வாடையைத் திட்டவில்லை. என் அப்பாவும் என்னைப்போல ஒரு வழக்கில் கூண்டில் நின்றிருக்கிறார். ஒரே வித்தியாசம், அவருக்கு வீட்டிலேயே நீதிபதி இருந்தாள்.

"அவன்கிட்ட அந்த எழுத்து இருந்துச்சான்னு பார்க்கணும், அவ்வளவுதானே?" என்றார்.

"எப்படிப்பா பார்க்கறது? ஒரு போட்டோகூட இல்ல."

அப்பா வாய்க்குள் விரலை விட்டு மேல்செட்டைக் கழற்றினார். கன்னம் சட்டென்று உள்ளே போய்விட்டது. செட்டைக் கவிழ்த்து என் பக்கம் நீட்டினார். வாயின் மேல் அண்ணத்தில் படும் அந்த இளஞ்சிவப்புத் தகட்டின் நடுவில், கொஞ்சம் தடித்த இடத்தில், அரிசி அளவுக்கு வெள்ளையாக ஏதோ புதைந்திருந்தது. நான் அதை எத்தனையோ தடவை கழுவியிருக்கிறேன். ஏதோ காற்றுக்குமிழி என்று நினைத்திருப்பேன்.

"அவனோட முதப் பல்லு. விழுந்த மறு வாரம் படுத்தான்." பல்லில்லாத வாயில் சொற்கள் குழைந்து வந்தன. "உங்கம்மா அவன் துணி, விளையாட்டுச் சாமான் எல்லாத்தையும் எரிச்சிட்டா. இது என் மேஜை டிராயர்ல, மத்த பல்லோட பல்லா கிடந்துச்சு. பல்லு டப்பாவுல பல்லைத் தேட அவளுக்குத் தோணல. எனக்குச் செட்டு செஞ்சுக்கிட்டப்போ, சூடு காட்டாம இறுகற பொடியைக் குழைச்சு இதுக்குள்ள வச்சு மூடிட்டேன். அவதான் என் வாய்க்குள்ள பார்க்கப் போறதில்லையே."

துரை எதைத்தான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று அப்போது புரிந்தது.

டாக்டரம்மாவிடம் போனில் என் லென்ஸ் நாற்றம், அப்பாவின் வாடை, அந்தப் பல் எல்லாவற்றையும் சொல்லிக் கேட்டேன். முயற்சி செய்யலாம் என்றார். வெளிப்புறத்தைச் சுரண்டித் தள்ளிவிட்டு உள்ளே இருப்பதைப் பொடியாக்கித்தான் எடுப்பார்களாம். கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. எப்படியானாலும் பல் திரும்பி வராது. இதை அப்பாவிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். அண்ணன் இருந்தான் என்பதற்கு இந்த உலகத்தில் மிச்சம் அந்த ஒரு அரிசிதான்.

"வேண்டாம்ப்பா. தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? நான் பாட்டுக்கு இருந்துட்டுப் போறேன்."

"நானும் அப்படித்தான் இருந்துட்டுப் போறேன்னு நினைச்சேன். முடியாது பாப்பா. தினமும் கை கழுவணும்."

சாப்பாட்டு மேஜையில் பழைய துணியை விரித்து, பெட்டிக்குள் கிடந்த சின்ன டிரில்லை எடுத்து, அவரே பல்லைச் சுற்றித் தோண்டி எடுத்தார். கை நடுங்கும் மனிதர், அன்றைக்கு நடுங்கவில்லை. இளஞ்சிவப்புத் தூள் துணியில் உதிர்ந்தது. பல்லைச் சின்ன டப்பாவில் போட்டு மூடும்போதுதான் அவருக்குத் தோள் குலுங்கியது. என் வீட்டுக்காரர் விஷயம் கேட்டபோது முதலில் முகம் சுருங்கினார். "கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாமே மாமா," என்றார். அப்பா, "சொல்லியிருக்கணும்," என்றார். என் வீட்டுக்காரர் டப்பாவை வாங்கிச் சட்டைப் பையில் வைத்து, மேலே கையால் பொத்திக்கொண்டு, அவரே ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

மறுநாள் காலையில் துரை டம்ளரை ஜன்னலுக்குக் கொண்டுபோனான். செட்டைத் திருப்பினான். வெள்ளை இருந்த இடத்தில் ஓட்டை. விரலை அதற்குள் விட்டுப் பார்த்தான். டம்ளர் தண்ணீரைத் தரையில் கொட்டித் தேடினான். பிறகு நேராக அப்பாவிடம் போனான். யாரையும் தானாகத் தொடாத பிள்ளை, அவர் உதட்டைப் பிரித்து வாய்க்குள் விரலை விட்டு, அண்ணம் முழுக்கத் தடவித் தேடினான். அப்பா வாயைத் திறந்தபடியே அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் ஒழுகி அவன் மணிக்கட்டில் இறங்கியது. அன்றிலிருந்து துரை முனகுவதை நிறுத்திவிட்டான்.

அந்த வாரங்கள் எப்படிப் போயின என்று கேட்காதீர்கள். ஒரு மத்தியானம் தலைவலி என்று கடையிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டேன். துரை பள்ளிக்கூடத்தில். வீடு அமைதியாக இருந்தது. செருப்பைக் கழற்றும்போது கேட்டது, தாழ்வாக ஒன்று, கொஞ்சம் மேலே ஒன்று. சுவரைப் பிடித்துக்கொண்டே உள்ளே போனேன். மூன்று வயதில் எந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக் கேட்டேனோ, அந்தச் சுவர் போலவே இருந்தது. அறைக் கதவு பாதி திறந்திருந்தது. அப்பா கட்டிலில் உட்கார்ந்து, செட்டில்லாத வாயோடு, கண்ணை மூடிக்கொண்டு முனகிக்கொண்டிருந்தார். ஒரு சுரம்கூடப் பிசகவில்லை. நான் வந்த சத்தம் காட்டாமல் திரும்பிச் சமையலறைக்குப் போய் நின்றுவிட்டேன்.

முடிவு வந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். இந்த முறை எல்லோரும் போனோம். அப்பா ஓட்டைச் செட்டைப் போட்டுக்கொள்ளாமலே வந்தார்.

"பல்லுலேருந்து கிடைச்சிடுச்சு," என்றார் டாக்டரம்மா. "அதே ஜீன், அதே எழுத்து. உங்க அண்ணனுக்கும் இருந்திருக்கு. இனிமே நான் தயங்காம சொல்லுவேன், இதுதான் காரணம். மாத்திரை இல்ல, லென்ஸ் நாத்தம் இல்ல." அப்பா பக்கம் திரும்பினார். "நீங்க செஞ்ச வேலையோட வாடையும் இல்ல ஐயா. யாரும் எதுவும் பண்ணல."

என் வீட்டுக்காரர் என் தோளில் கை வைத்தார். எனக்கு அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். வந்தது ஒரு பெரிய வெறுமை. இத்தனை நாள் சுமந்த மூட்டையை இறக்கி வைத்தால் கை எங்கே வைப்பதென்று தெரியாது இல்லையா, அது மாதிரி.

அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அப்போ அது அவங்கம்மாகிட்டேருந்து வந்ததா?"

"ஆமா ஐயா. அவங்களுக்கே தெரியாம."

வீட்டுக்கு வந்ததும் அப்பா நேராக அம்மாவின் படத்துக்கு எதிரே போய் நின்றார். விடுதலையான மனிதரின் முகமாக அது இல்லை. நான் காபி கலந்து எடுத்துப்போனேன்.

"நல்லவேளை, அவ போயிட்டா," என்றார்.

"என்னப்பா சொல்றீங்க?"

"இது தெரியாமப் போனாளே, அது போதும். என்னைத் திட்டிக்கிட்டே இருந்தா. திட்டறதுக்கு நான் இருந்தேன். தன்கிட்டேருந்துதான் போச்சுன்னு தெரிஞ்சிருந்தா அவ யாரைத் திட்டுவா? ஒரு நாள் தாங்கியிருக்கமாட்டா."

சொல்லி முடித்தபிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. திரும்பி என்னைப் பார்த்தார். அந்த எழுத்து அம்மாவிடமிருந்து அண்ணனுக்கு மட்டும் போகவில்லை. எனக்கும் வந்து, என்னிடமிருந்துதான் துரைக்குப் போயிருக்கிறது. யாரும் எதுவும் பண்ணவில்லை என்பது டாக்டரின் தீர்ப்பு. என் ரத்தம் என்பது என் தீர்ப்பு. மாத்திரையாக இருந்திருந்தால் மாத்திரையைத் திட்டியிருக்கலாம்.

"எனக்கு யாருப்பா இருக்கா திட்டறதுக்கு?" என்றேன். கேட்க நினைத்துக் கேட்கவில்லை, வாயில் வந்துவிட்டது.

அப்பா என் கையிலிருந்த காபியை வாங்கி மேஜையில் வைத்தார். "நான் இருக்கேன்ல? எனக்குப் பழக்கம்தான். வாடைதான்னு வச்சுக்கோ. திட்டு பாப்பா."

அந்தக் குழி விழுந்த கன்னத்தைப் பார்த்ததும் எனக்குள் என்ன உடைந்ததோ, கத்தத் தொடங்கிவிட்டேன். குழாயைச் சரியாக மூடாததற்குத் திட்டினேன், ஈரத்துண்டைக் கட்டிலில் போடுவதற்குத் திட்டினேன், கல்யாணத்துக்கு முன்னால் சொல்லாததற்குத் திட்டினேன். என் வீட்டுக்காரர் ஓடிவந்து, புரிந்துகொண்டு, வாசலிலேயே நின்றுவிட்டார். கத்தக் கத்த என் குரல் மாறிக்கொண்டே போனது. கடைசியில் தொண்டையிலிருந்து வந்தது என் குரலே இல்லை.

"அந்த வாடையை வாசல்லயே விட்டுட்டு வாங்க!"

அப்பா என்னை அதிசயமாகப் பார்த்தார். பத்து வருடம் கழித்து ஊரிலிருந்து வந்தவளைப் பார்ப்பது போலப் பார்த்தார். முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

"இதோ, கழுவிட்டு வந்துடறேன்," என்று சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போனார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. ஜன்னலோரத்தில் துரை முனகத் தொடங்கினான்.